வீட்டில் சும்மா கிடக்கும் இடத்தை என்ன செய்வது? மராமத்து தொடங்கும் முன் செய்ய வேண்டியவை

எங்கள் வீடு தாம்பரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1989-இல் மாமனார் கட்டியது. அரை கிரவுண்டு மனை, அதாவது 1,200 சதுர அடி. 2022-இல் முதல் முறை வீட்டில் கைவைத்தபோது, பக்கத்துச் சந்து வீணாகக் கிடக்கிறதே என்று அதன் மேல் ஷீட் போட்டு, முன்னால் கதவு வைத்து, உள்ளே அலமாரி அடித்து ஸ்டோர் ரூம் ஆக்கினோம். 68,000 ரூபாய் ஆனது. அந்த ஐப்பசி மழையிலேயே படுக்கையறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறிவிட்டது. அடுத்த மாதம் சாக்கடைச் சேம்பர், அதாவது கழிவுக் குழாயைத் திறந்து பார்க்கும் தொட்டி, அடைத்துக்கொண்டது. அதன் மூடி நாங்கள் அடித்த அலமாரிக்கு அடியில் இருந்தது. கடைசியில் எல்லாவற்றையும் பிரித்தோம். பிரித்து, குப்பையை ஏற்றி அனுப்ப 14,500 ரூபாய்.

அதன் பிறகு 2024-இல், பொங்கல் முடிந்ததும், வீடு முழுவதையும் முறையாகப் புதுப்பித்தோம். முதல் முறை அவசரப்பட்டதில் கற்றுக்கொண்டதையும் இரண்டாம் முறை ஒழுங்காகச் செய்ததையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். தனி வீடு வைத்திருப்பவர்களுக்கு இது அதிகம் பொருந்தும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் பரண், அலமாரி பற்றிய பகுதிகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மாடி, சந்து, படிக்கட்டின் அடி எல்லாம் அங்கே பொது இடம். சங்கத்தின் சம்மதம் இல்லாமல் தொடக்கூடாது.

1. இடத்தை எழுதுங்கள், பக்கத்திலேயே காரணத்தையும் எழுதுங்கள்

ஒரு நோட்டும் டேப்பும் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றுங்கள். எங்கள் நோட்டில் ஆறு இடங்கள் வந்தன: பக்கத்துச் சந்து, மாடிப்படி அடி, மூன்று பரண்கள், கொல்லைப்புறத்தில் பழைய செப்டிக் டேங்க், மொட்டை மாடி, நாத்தனார் கல்யாணமாகிப் போனதிலிருந்து சாமான் போட்டுப் பூட்டி வைத்திருந்த மேற்கு அறை.

நீளம், அகலம், உயரம் மூன்றையும் குறித்த பிறகு, 'இது ஏன் சும்மா கிடக்கிறது?' என்று கேட்டுப் பதிலையும் எழுதுங்கள். இருட்டா, ஓதமா, காற்று வராததா, கை எட்டாததா, வெயிலா? அல்லது வேண்டாத சாமான் அடைந்திருப்பதுதான் காரணமா? முதல் முறை நாங்கள் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. 'இங்கே என்ன வைக்கலாம்?' என்று நேராக ஆசைக்குப் போய்விட்டோம். இடம் சும்மா கிடப்பதற்கு ஒரு காரணம் கட்டாயம் இருக்கும். அதைச் சரிசெய்யாமல் அலமாரி அடித்தால் அந்த அலமாரியும் சும்மாதான் கிடக்கும்.

மேற்கு அறையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை அலுவலக அறையாக்கலாம் என்று ஒருவர் 1,90,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார். ஃபால்ஸ் சீலிங், பேனல், மேசை என்று எல்லாம் அதில் இருந்தது. ஆனால் அந்த அறையில் யாரும் உட்காராததற்குக் காரணம் சூடு. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் உள்ளே நிற்க முடியாது. அறைக்கு மேலே இருந்த 120 சதுர அடித் தளத்தில் பழைய தட்டோடு பெயர்ந்து கிடந்தது. அதை எடுத்துவிட்டு வெள்ளை கூலிங் டைல்ஸ் போட்டோம். சதுர அடிக்குக் கூலியும் பொருளும் சேர்த்து 110 ரூபாய், மொத்தம் 13,200. மேற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி ஒன்று, 1,800. அந்த வெயில் காலத்திலேயே அத்தை (என் மாமியார்) தன் கட்டிலை அங்கே மாற்றிக்கொண்டார். வேறு எதுவும் தேவைப்படவில்லை.

சாமான் அடைந்த இடமாக இருந்தால் முதலில் அதைக் காலி செய்துவிட்டு அளவெடுங்கள். எங்கள் மூன்று பரண்களிலும் இருந்ததில் பாதி, பயன்படாத பாத்திரமும் டிவி வாங்கிய அட்டைப் பெட்டியும்தான். காலி செய்த பிறகு பார்த்தால் புதிய பரண் ஒன்றுகூடத் தேவையில்லை.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த நோட்டை அவர்களிடம் படித்துக் காட்டுங்கள். "அந்த மூலையில மழைக்குத் தண்ணி நிக்கும், உங்க மாமா அதனாலதான் அங்க ஒண்ணும் கட்டல" என்று அத்தை சொன்ன ஒரு வரி எங்களுக்கு ஒரு சுவரை மிச்சப்படுத்தியது.

2. ஒரு மழையாவது பாருங்கள்

முடிந்தால் திட்டத்தை ஆவணி, புரட்டாசியில் போடுங்கள். வடகிழக்குப் பருவமழை முழுவதும் வீட்டைக் கவனித்துவிட்டு, தை பிறந்ததும் வேலையைத் தொடங்குங்கள். நல்ல மழை நாளில் குடையோடு வெளியே போய், எந்தப் பக்கம் தண்ணீர் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, மாடிக் குழாய் எங்கே கொட்டுகிறது என்று செல்போனில் படம் எடுத்து வையுங்கள்.

மழைக்காலம் வரை காத்திருக்க முடியாதவர்கள் ஒரு சின்ன சோதனை செய்யலாம். சுவரில் ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் தாளை வைத்து, நான்கு பக்கமும் டேப்பால் இறுக்கி ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உட்பக்கம், அதாவது சுவரைத் தொடும் பக்கம் நீர் கோத்திருந்தால் ஓதம் சுவருக்குள்ளே இருக்கிறது. வெளிப்பக்கம் மட்டும் ஈரமாக இருந்தால் அது அறையின் ஈரக்காற்று. ஒரு ஜன்னலோ எக்ஸாஸ்ட் ஃபேனோ போதும்.

சுவருக்குள் ஓதம் இருக்கும் இடத்தில் மர வேலை எதையும் தொடங்காதீர்கள். முதலில் கசிவை நிறுத்துங்கள். பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, புதுப் பூச்சு பூசி, அது காய ஐந்தாறு வாரமாவது விடுங்கள். ஓதச் சுவரை மறைக்க பேனல் ஒட்டலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பேனலுக்குப் பின்னால் கரையான் வரும். வந்தது தெரியவே ஒரு வருடம் ஆகும்.

3. சந்து வீணான இடம் இல்லை

வீட்டைச் சுற்றி விடும் இடம் காலியாகத் தெரியும். ஆனால் அது தினமும் வேலை செய்துகொண்டிருக்கிறது. ஜன்னலுக்குக் காற்று அந்த வழியாகத்தான் வருகிறது. சாக்கடைக் குழாயும் சேம்பரும் அங்கேதான் போகின்றன. வெளிச்சுவருக்கு பெயின்ட் அடிக்கச் சாரம் கட்டுவதும், ஏசி யூனிட்டைச் சரிபார்ப்பதும், கழிவுநீர் லாரிக் குழாயை இழுப்பதும் அந்த மூன்று அடிக்குள்தான்.

சட்டமும் இருக்கிறது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019, மனையின் அளவையும் சாலையின் அகலத்தையும் பொறுத்து எந்தப் பக்கம் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று சொல்கிறது. அந்த இடத்தை அடைத்துக் கட்டினால் அது விதிமீறல். 'தற்காலிக ஷீட்தானே' என்ற பேச்சை நம்பாதீர்கள். வீட்டை விற்கும்போதோ கடன் கேட்கும்போதோ வங்கியின் பொறியாளர் ஒப்புதல் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் வருவார். பக்கத்து வீட்டுக்காரருக்கு நம் ஷீட்டிலிருந்து தண்ணீர் கொட்டினால் அந்த உறவும் கெடும்.

இரண்டாம் முறை சந்தில் நாங்கள் செய்தது இவ்வளவுதான்: தரையில் சிமென்ட் போட்டுத் தெருப்பக்கம் வாட்டம் (சரிவு) கொடுத்தோம். சேம்பர் மூடிகளைக் கைப்பிடி வைத்த புது மூடிகளாக மாற்றினோம். முன்னால் ஒரு கிரில் கதவு, சுவரில் மடக்கிக்கொள்ளும் துணி காயப்போடும் கம்பி, ஒரு குழாய். மேலே திறந்த வானம். 31,000 ரூபாய் ஆனது. ஷீட் போட்டதற்கு ஆனதில் பாதிகூட இல்லை, பயன் பல மடங்கு.

4. எடையைக் கணக்குப் போடுங்கள்

அனுபவம் உள்ள மேஸ்திரிகூடச் சில சமயம் கண்ணால் பார்த்தே "தாங்கும்க்கா" என்று சொல்லிவிடுவார். நீங்கள் எண்ணைக் கேளுங்கள்.

ஆட்கள் நடமாடும் மொட்டை மாடியை, இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875-இன்படி, ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ கூடுதல் பாரம் என்று வைத்து வடிவமைப்பார்கள். சதுர அடிக்கு ஏறக்குறைய 14 கிலோ. வீட்டு அறைக்கு இது 200 கிலோ, அதாவது சதுர அடிக்கு 18 அல்லது 19 கிலோ. மாடி முழுவதும் அரை அடி மண் பரப்பித் தோட்டம் போட நினைத்தால், நனைந்த மண் ஒரு சதுர அடிக்கு 25 கிலோ வரை வரும். தளத்துக்கு அனுமதித்ததைவிட இது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆகவே மண் பரப்புவதை விட்டுவிடுங்கள். தேங்காய் நார்க்கழிவு கலந்த பைகளைச் சுவர் ஓரமாகவும், கீழே பீம் போகும் வரிசையிலும் வையுங்கள். பைகளை நேராகத் தளத்தில் வைக்காமல் ஸ்டாண்டில் வைத்தால் அடியில் ஈரம் தேங்காது.

தண்ணீர்த் தொட்டியும் அப்படித்தான். 1,000 லிட்டர் என்றால் ஒரு டன். அதைத் தளத்தின் நடுவில் வைக்கக்கூடாது. மாடிப்படிக் கூண்டுக்கு மேலோ, கீழே சுவர் அல்லது தூண் இருக்கும் இடத்திலோ வைக்க வேண்டும்.

பரணுக்கு வருவோம். பத்தடி நீளம், இரண்டடி அகலம், மூன்று அங்குலக் கனத்தில் ஒரு கான்கிரீட் பரண் போட்டால் அதன் சொந்த எடையே 350 கிலோ. மேலே சாமான் தனி. வீடு கட்டும்போதே போட்டிருந்தால் அந்தப் பாரம் சுவருக்குள் முறையாக இறங்கும். பிறகு சுவரைக் கொத்திச் செருகினால் சுவர் பலவீனப்படும். அதிலும் நாலரை அங்குலச் சுவரைக் கொத்தவே கூடாது. பரண் வேண்டும் என்றே இருந்தால் இரும்பு ஆங்கிளை ஒன்பது அங்குலச் சுவரில் போல்ட் செய்து, மேலே பிளைவுட் பலகை போடுங்கள். வேண்டாம் என்று தோன்றினால் கழற்றியும் விடலாம்.

உங்கள் வீட்டில் மெட்ராஸ் டெரஸ் கூரை, அதாவது மர உத்திரத்தின் மேல் செங்கல்லை அடுக்கிச் சுண்ணாம்புத் தளம் போட்ட கூரை இருந்தால், மேலே பாரம் ஏற்றுவதைப் பற்றி யோசிப்பதற்கு முன் ஒரு கட்டமைப்புப் பொறியாளரை வரவழைத்துவிடுங்கள். எங்கள் தளத்தைப் பார்த்து எழுத்தில் கருத்துக் கொடுக்க ஒருவர் 6,000 ரூபாய் வாங்கினார். மொத்தச் செலவில் நான் மனதார நன்றி சொல்லிக் கொடுத்த பணம் அது.

5. மாடிப்படி அடி

வீட்டுக்குள் இருக்கும் இடங்களில் குறைந்த செலவில் அதிகப் பயன் தருவது இதுதான். ஆனால் எல்லோரும் தப்பு செய்வதும் இங்கேதான்.

உயரம் ஆறரை அடிக்கு மேல் உள்ள பகுதி எவ்வளவு நீளம் என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். ஆள் நின்று பயன்படுத்தும் எதையும், வாஷ் பேசினோ அயர்ன் மேசையோ, அதற்குள் மட்டும் வையுங்கள். மூன்றிலிருந்து ஆறடி வரை உள்ள பகுதிக்கு இழுப்பறை நல்லது. கதவு வைத்த ஆழமான அலமாரி வேண்டாம். மூன்றடி ஆழ அலமாரியின் பின்பாதியில் வைத்த பொருளை நீங்கள் மறுபடி பார்க்கப்போவதில்லை. சக்கரம் வைத்த இழுப்பறை என்றால் முழுதும் வெளியே வரும். மூன்றடிக்குக் கீழே வரும் முக்கோணத்தை எங்கள் வீட்டில் செருப்புக்கு விட்டோம். முன்பக்கம் துளை உள்ள கதவு போட்டதால் வாடை தங்குவதில்லை.

இப்போது மூன்று எச்சரிக்கைகள். இன்வெர்ட்டர் பேட்டரியை அங்கே காற்றோட்டம் இல்லாமல் அடைக்காதீர்கள். நீர் ஊற்றும் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும், அது தேங்கினால் தீப்பிடிக்கும். கேஸ் சிலிண்டரும் அங்கே கூடாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கிவிடும். அப்புறம் மின் மீட்டர். பழைய வீடுகளில் மீட்டர் படிக்கட்டின் கீழேதான் இருக்கும். கணக்கெடுக்க வருபவர் பார்க்க முடியாதபடி கதவு போட்டுப் பூட்டிவிடாதீர்கள். எங்கள் ஆசாரி அளவெடுக்கும்போதே இதைக் கவனித்துக் கேட்டதால் தப்பித்தோம்.

கழிவறை வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வைக்கலாம். ஆனால் வெளியே சேம்பர் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். நாலு அங்குலக் கழிவுக் குழாய்க்கு ஏறக்குறைய மூன்று அடிக்கு ஒரு அங்குலம் வாட்டம் வேண்டும். பதினெட்டு அடி தூரம் என்றால் ஆறு அங்குலம் இறங்க வேண்டும். அந்த ஆழம் உங்கள் சேம்பரில் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து அளந்த பிறகுதான் பீங்கான் வாங்கவே போக வேண்டும்.

6. பழைய செப்டிக் டேங்க்

பாதாளச் சாக்கடை இணைப்பு வந்த பிறகு பல வீடுகளில் செப்டிக் டேங்க் அப்படியே மூடிக் கிடக்கிறது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான், கொல்லையில் எட்டடிக்கு நாலடி. அதன் மேல் துணி துவைக்கும் கல் போடுவார்கள், சிலர் அறையே கட்டிவிடுவார்கள். முப்பது வருட மூடிப் பலகையின் கம்பி உள்ளே துருப்பிடித்து உளுத்துப் போயிருக்கும். அதன் மேல் எதுவும் வேண்டாம், ஆளும் நிற்க வேண்டாம்.

முதலில் லாரி வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். இதில் ஒரு விஷயத்தில் உறுதியாக இருங்கள்: எந்தக் காரணத்துக்காகவும் ஒரு மனிதரை உள்ளே இறக்கக்கூடாது. பல வருடம் மூடிக் கிடந்த தொட்டியில் விஷவாயு இருக்கும். நொடிகளில் உயிர் போய்விடும். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தடை செய்திருக்கிறது, இறக்கியவர்மேல் வழக்கு வரும். "அடியில கொஞ்சம் கசடு இருக்கு, நான் இறங்கி அள்ளிடறேன்" என்று ஒருவர் தானாகவே முன்வந்தார். கூடுதல் பணம் கிடைக்கும் என்பதற்காகத்தான் கேட்டார். வேண்டாம் என்று சொல்லி, தண்ணீர் பீய்ச்சி இன்னொரு முறை லாரியை வரவழைத்தோம். இரண்டு நடைக்கும் சேர்த்து 5,000 ரூபாய். இதற்குத் தனியாகப் பணம் ஒதுக்கி வையுங்கள்.

அதன் பிறகு மூடியை உடைத்து, உள்ளே இருக்கும் குழாய் முனைகளை அடைத்து, வீட்டில் உடைத்த செங்கல் ஜல்லியையும் மணலையும் அடுக்கடுக்காகப் போட்டுத் தண்ணீர் விட்டுத் திமிசு அடித்து நிரப்பினோம். குப்பை ஏற்றுவதற்கு குட்டியானை என்னும் சின்னச் சரக்கு வண்டி ஒரு நடைக்கு 2,000 ரூபாய் கேட்டார்கள். மூன்று நடை மிச்சமாயிற்று. ஒரு மழைக்காலம் அது அமுங்கி அடங்கட்டும். அடங்கிய பிறகு எங்கள் வீட்டில் அந்த இடத்தில் கறிவேப்பிலையும் வாழையும் நிற்கின்றன.

கிணறு இருந்தால் மட்டும் தயவுசெய்து மூடாதீர்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். வற்றிய கிணறு அதற்குத் தயாராக இருக்கும் அமைப்பு. மாடித் தண்ணீரைக் கூழாங்கல், மணல் வடிகட்டி வழியாக அதற்குள் விடுங்கள், மேலே கனமான கம்பி வலை போட்டுப் பூட்டுங்கள்.

7. காகிதங்கள்

உள்ளே பூச்சு, தரை, அலமாரி, பெயின்ட் போன்ற வேலைகளுக்குத் திட்ட அனுமதி தேவையில்லை. மாடியில் சுவர் எழுப்பிக் கூரை போட்டால் தேவை. 'ஷீட் கூரைதான், கான்கிரீட் இல்லை' என்பதால் விலக்கு கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். பதிவு பெற்ற பொறியாளர் மூலம் வரைபடம் போட்டு விண்ணப்பியுங்கள். கட்டிய பரப்பு கூடினால் சொத்து வரியும் மாறும். அதை நீங்களே முன்வந்து தெரிவிப்பது நல்லது.

கடன் வாங்குவதாக இருந்தால் வங்கி கேட்டவை இவை: கிரயப் பத்திரம், மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ், ஒப்புதல் பெற்ற பழைய வரைபடம், சொத்து வரி ரசீது, பொறியாளர் கையெழுத்திட்ட எஸ்டிமேட். எங்களுக்குப் பழைய வரைபடத்தைத் தேடி எடுக்கவே மூன்று வாரம் போனது. ஆகவே அதை முதலில் தேடுங்கள். குடியிருக்கும் வீட்டைப் பழுதுபார்க்க வாங்கிய கடனின் வட்டிக்கு, பழைய வருமான வரி முறையில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரைதான் கழிவு. புதிதாகக் கட்டுவதற்கான 2,00,000 ரூபாய் வரம்பை மனதில் வைத்துக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். புதிய வரி முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு அதுவும் இல்லை.

சும்மா கிடக்கும் அறையைப் போர்ஷனாக்கி வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால், செலவில் சமையல் மேடை, தனிக் கழிவறை, தனி வாசல், தனி மின் இணைப்பு எல்லாவற்றையும் சேர்த்து எழுதுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின்படி எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். அறையைக் கடையாகவோ அழகு நிலையமாகவோ மாற்றினால் மின் கட்டணம் வீட்டு விகிதத்திலிருந்து வணிக விகிதத்துக்குப் போய்விடும். மாத வாடகையைக் கணக்கிடும்போது இதை மறந்துவிட வேண்டாம்.

8. ஆளும் விலையும்

குறைந்தது மூன்று பேரிடம் விலை கேளுங்கள். ஆனால் மூவருக்கும் அளவு எழுதிய அதே நோட்டைக் கொடுத்துக் கேளுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் பூச்சையும் சேர்த்துச் சொல்வார், இன்னொருவர் சேர்க்காமல் சொல்வார், ஒப்பிடவே முடியாது.

2024 தொடக்கத்தில் எங்கள் பகுதியில் கொத்தனாருக்கு ஒரு நாள் கூலி 1,100, சித்தாளுக்கு 750 கொடுத்தோம். நாள் கூலி சின்ன வேலைக்குச் சரி. ஒரு வாரத்தைத் தாண்டினால் அளவுக் கூலி, அதாவது செய்த வேலையை அளந்து கொடுக்கும் கூலி, பேசிக்கொள்ளுங்கள்.

அலமாரிக்குச் 'சதுர அடி 1,400' என்றால் எதன் சதுர அடி என்று கேளுங்கள். முன்முகத்தின் நீளமும் உயரமும் மட்டும் என்றால் அது ஒரு விலை. உள்தட்டு, பக்கப் பலகை, பின்பலகை எல்லாம் தனித்தனியாக அளந்தால் பில் இரண்டு மடங்காகும். எங்களுக்குக் கடைசி நாளில் அப்படி 23,000 ரூபாய் கூடுதலாக வந்து நின்றது. பேசும்போதே ஒரு தாளில் படம் போட்டு, எதை அளப்பது என்று அதிலேயே எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

தண்ணீர் படும் இடத்துக்குப் பிளைவுட் வாங்கினால் ஐ.எஸ். 710 (ஈரம் தாங்கும் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்) முத்திரை பலகையிலேயே அச்சாகியிருக்கிறதா என்று, வண்டியிலிருந்து இறக்கும்போது நீங்களே பாருங்கள். அறுத்த பிறகு முத்திரை இருக்காது. பில்லில் 18 சதவீத ஜி.எஸ்.டி. வரும், அதைச் சேர்த்துத்தான் பட்ஜெட். சமையலறை, துவைக்கும் இடம் போன்ற ஈரமான மூலைகளுக்கு என்னைக் கேட்டால் பிளைவுட்டே வேண்டாம். கடப்பா கல் தட்டு வைத்து, அலுமினியக் கதவு போடுங்கள். செலவு குறைவு. கரையானும் வராது.

முன்பணம் மொத்தத்தில் கால் பங்குக்கு மேல் கொடுக்க வேண்டாம். ஓதத் தடுப்பு, தளம் போன்ற வேலைகளில் பத்து சதவீதத்தை ஒரு மழை முடியும் வரை பிடித்து வைப்பதாக முதலிலேயே பேசிவிடுங்கள். மறுப்பவர்கள் இருப்பார்கள். ஒத்துக்கொண்டவரைத்தான் நாங்கள் வைத்தோம்.

9. எப்போது, எந்த வரிசையில்

தை முதல் ஆவணி வரை வெளி வேலைக்கு நல்ல காலம். தை, ஆவணி மாதங்களில் கிரகப்பிரவேச அவசரத்தில் ஆள் கிடைப்பது சிரமம். ஆடியில் பலர் புது வேலை தொடங்கமாட்டார்கள் என்பதால் நல்ல மேஸ்திரி கிடைப்பார். பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் போனவர்கள் வாரம் பத்து நாள் கழித்துத்தான் திரும்புவார்கள். வடமாநிலத் தச்சர்கள் ஹோலிக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போவார்கள். இந்த நாட்களை முதலிலேயே காலண்டரில் கழித்துவிடுங்கள். 45 நாள் என்று சொன்ன எங்கள் வேலை 84 நாள் ஆனது. அதில் 19 நாள் திருவிழா விடுப்பு.

வரிசை இப்படி இருக்கட்டும்: உடைப்பது, மேல்தளக் கசிவை நிறுத்துவது, குழாயும் வயரிங்கும், பூச்சு, அதற்கு ஒரு வாரமாவது தண்ணீர் விடுவது, தரை, கரையான் மருந்து, பிறகு மர வேலை, கடைசியில் பெயின்ட். ஆசாரிக்கு வேறு இடத்தில் வேலை இருக்கிறது என்பதற்காக ஈரச் சுவரில் அலமாரியை மாட்ட விடாதீர்கள்.

குழாயும் வயரும் போட்டு முடித்த அன்று, பூச்சு பூசுவதற்கு முன், ஒவ்வொரு சுவரையும் படம் எடுங்கள். தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் டேப்பை நீட்டிப் பிடித்து, எண் தெரியும்படி எடுங்கள். சேம்பர் மூடிகள் இருக்கும் இடத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். படங்களை அச்சிட்டு, பில்களோடும் பொறியாளர் கொடுத்த கடிதத்தோடும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். போன மாதம் சந்தில் ஏசி குழாய்க்குத் துளை போட வந்த பையனிடம் அந்தக் கோப்பைத்தான் நீட்டினேன். தண்ணீர்க் குழாய் போகும் இடத்துக்கு நாலு அங்குலம் தள்ளி ட்ரில் வைத்தான்.